புதிதாக ஒன்றும் இல்லை

காக்கநாடு
ஜூன் 2

பிஜோய்,

இல்லை, உன் நாற்பது வரி நிரலின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இது பயம். போனில் சொன்னால் என் பயம் உனக்குக் கோபமாகத்தான் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. பன்னிரண்டாவது மாடி. கண்ணாடிக்கு வெளியே பெய்கிறது, சத்தம் வருவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் எழுதிய நிரல்களை உடைத்துப் பார்ப்பது என் வேலை. உடையாதவை குறைவு. எழுதியவர்கள் எல்லோரும் உன்னைப் போலவே சொல்கிறார்கள், என்னிடம் சரியாகத்தானே ஓடியது என்று.

புழவிளியை, ஆறு கூப்பிடுகிறது என்று பெயர் வைத்து, நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். அணை அலுவலகம் ஷட்டர் திறக்கும் உத்தரவைத் தன் வலைப்பக்கத்தில் போடும். நம் நிரல் அந்தப் பக்கத்தை விடாமல் பார்க்கும். புது லிங்க் தெரிந்தால் கீழ்க்கரையில் இருப்பவர்களின் போன் கூவும். இதில் பக்கத்திலிருந்து லிங்கைப் பிடுங்கி எடுக்கிற பகுதி உன் கைவேலை. இன்ன எழுத்துக்கு அப்புறம் இன்ன எழுத்து வந்தால் அது லிங்க். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் அலுவலகம் ஒரு பழைய உத்தரவை அழிக்கச் சோம்பல்பட்டு, திரை போட்டு மறைத்து வைத்திருந்தது. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. திரை என்றால் என்னவென்று உன் நிரலுக்குத் தெரியாது. கூவிவிட்டது. ரோஸிலி சேச்சி கொட்டுகிற மழையில் வாத்துகளை மேட்டுக்கு ஓட்டினாள். தண்ணீர் வரவில்லை. வாத்துகள் மிரண்டு, பல நாள் முட்டையிடவில்லை.

"வராத தண்ணிக்கு என்னை ஓட வெச்சுட்டியேடீ" என்று என்னைத்தான் திட்டினாள். கூடப் பிறந்தவளைத் திட்டுவது சுலபம்.

லிங்க் எடுப்பதற்கென்றே பல பேர் எழுதி, பல பேர் உடைத்து, திரும்பத் திரும்பத் திருத்திய லைப்ரரிகள் இருக்கின்றன. திரை போட்ட பக்கம், பாதியில் அறுந்த பக்கம், தூக்கக் கலக்கத்தில் யாரோ தட்டிய பக்கம், எல்லாவற்றையும் அவை பார்த்திருக்கின்றன. உன் நிரல் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் மாற்று. மற்றதெல்லாம் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

சேச்சி இந்த வருடம் வாத்துகளை ஆற்று நடுவில் மணல்திட்டில் விடப்போகிறாளாம்.

ட்ரீசா


ஜூன் 7

ட்ரீசா மேடத்துக்கு,

அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஆறு தையல் நூல் மாதிரி இருக்குமோ என்னவோ. இங்கே கடைவாசலில் இருந்து பார்த்தால் அது ஆறு மாதிரிதான் இருக்கிறது.

உன் லைப்ரரிக்கு வருகிறேன். அதை எழுதிய பல பேரில் ஒருவரையாவது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கடையில் பில் போடும் நிரலுக்கு அப்படி ஒரு லைப்ரரியைப் போட்டிருந்தேன். எங்கோ யாரோ அதில் எதையோ மாற்றினார்கள், இங்கே என் கடை நின்றது. வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், நான் ஆயிரக்கணக்கான வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிறேன். நாற்பது வரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உடைந்தால் எங்கே உடைந்தது என்று தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றின் கையில் உன் அக்காவைக் கொடுக்கச் சொல்கிறாய். யோசித்துப் பார்.

திரையை இப்போது நிரல் அறியும். இரண்டு வரி கூடியது. நாற்பத்திரண்டு என்று திருத்திக்கொள்.

போன வருடக் கூத்துக்குப் பிறகு நாம் போட்ட இரண்டு விதிகளும் அப்படியே இருக்கின்றன. கையால் யாரும் கூவ வைக்கக் கூடாது, உத்தரவு இருந்தால் மட்டும்தான். பிறகு, நீ அழுது கேட்டது, ஒரே உத்தரவுக்கு இரண்டாம் முறை கூவக் கூடாது. பார்த்த லிங்கை எல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மறுபடி பார்த்தால் "புதிதாக ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். உன்னைவிட நல்ல சுபாவம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சேச்சியைப் பார்க்கப் போனேன். கப்பைக்கிழங்கும் வாத்து முட்டை ரோஸ்ட்டும் போட்டாள். உன் கதையைக் கேட்டாள். "அவ அங்க ஏசியில உக்காந்து என்னத்த மோனே திங்கிறா, குரலே மெலிஞ்சு கெடக்கு." பயம் தின்கிறாள் சேச்சி என்றேன். சிரித்தாள்.

திட்டில் இருக்கும்போது போனை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடி வைக்கிறாள், மழைக்கு. போன் மணி அடித்தால் வாத்து மிரளுகிறதாம். அதனால் மற்ற எல்லாச் சத்தத்தையும் அடக்கிக் கொடுத்திருக்கிறேன். புழவிளியின் கூவல் மட்டும் டப்பாவைத் துளைத்துக்கொண்டு கேட்கும். சோதித்துப் பார்த்தோம். அக்கரையில் ஒரு நாய் ஊளையிட்டது.

"இது கூவுச்சுன்னா நான் தோணிய இழுத்துடுவேன். கூவாத வரைக்கும் நிம்மதி" என்றாள்.

இதை நீ கேட்டிருக்க வேண்டும்.

பிஜோய்


காக்கநாடு
ஜூன் 15

பிஜோய்,

கேட்டேன். நீ எழுதிய விதத்தில் அப்படியே கேட்டது. அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு காரியம் செய்தேன். அலுவலகத்தின் போன வருடப் பக்கத்தை எடுத்தேன். உன் நிரலை ஒரு முறை, லைப்ரரியை ஒரு முறை அதன் மேல் ஓட்டினேன். இரண்டும் கொடுத்த லிங்குகளைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எல்லாம் ஒன்றே. ஒன்றுகூடத் தப்பவில்லை.

நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும். படு.

எனக்கு மட்டும் அது போதவில்லை. வேலையில் இந்த மாதிரி நாட்களில்தான் நான் தப்பு செய்திருக்கிறேன். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் கேள்வி சுலபமாக இருந்தது என்றுகூட இருக்கலாம். போன வருடப் பக்கம் உனக்குத் தெரிந்த பக்கம். அதை வைத்துத்தான் நீ எழுதினாய். தெரிந்த முகத்தை அடையாளம் கண்டுபிடித்ததற்கு யாரைப் பாராட்டுவது?

இந்த மழைக்குப் புதுப் பக்கம் போடுவார்கள். போட்டதும் எனக்குச் சொல். நீ கண்ணால் பார். நிரல் பார்க்கிறது என்று விட்டுவிடாதே.

நேற்று சேச்சி கூப்பிட்டாள், வீட்டிலிருந்து. பேச்சு நடுவில், "தண்ணிக்கு ஒரு வாசனை வந்துருக்கு" என்றாள். என்ன வாசனை என்றேன். "மலை வாசனை" என்று சொல்லிவிட்டு, முட்டை வாங்க வந்தவனோடு பேசப் போய்விட்டாள். நான் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ட்ரீசா


ஜூன் 28

ட்ரீசா,

புதுப் பக்கம் வந்து பத்து நாள் ஆகிறது. வந்த அன்றே, நீ சொன்னபடி என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அச்சு அசலாகப் பழைய பக்கம், பட்டியல் மட்டும் காலி. நிரலும் அதையே சொன்னது. புதிதாக ஒன்றும் இல்லை. இப்போது தூங்கு.

அணை அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைப் போடுகிற சுதர்மா மேடம் ஏதோ பிரிண்டர் வாங்கக் கடைக்கு வந்திருந்தார். இத்தனை சீக்கிரம் எப்படி மேடம் என்றேன், போன வருடம் ஓணம் வரை இழுத்தீர்களே. அவர் சொன்னதைக் கேள்:

"எதுக்கு மெனக்கெடணும் பிஜோய்? பழச அப்படியே எடுத்தேன். இந்த வருஷத்துக் காகிதமெல்லாம் வேற எடத்துல இருக்குன்னு மேல ஒத்த வரி சேத்தேன். உத்தரவு ஒண்ணு, ரெண்டுன்னு மறுபடி மொதல்ல இருந்து போட்டுக்க வேண்டியதுதான். ஆபீஸ்ல டீ ஆறதுக்குள்ள முடிஞ்சுது."

அரசாங்கத்தில் இப்படி நாலு பேர் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும் என்றேன். பிரிண்டருக்குத் தள்ளுபடி கேட்டார்.

உன் அக்காவுக்கு உன் வியாதி தொற்றிவிட்டது. போன வாரம் ஒரு நாள், பிறகு நேற்று, நல்ல வெயிலில் திட்டின் ஓரம் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறி இறங்கியதாம். வாத்துகள் நீந்தப் போகாமல் கரையைப் பார்த்துக் கூட்டமாக நின்றனவாம். ஷட்டர் தூக்கினார்களா என்று கேட்டாள். போன் கூவினதா என்று கேட்டேன். இல்லை என்றாள். "கூவலேன்னா தெறக்கலேன்னு அர்த்தம் சேச்சி. மலையில மழை, அந்தத் தண்ணி" என்றேன். "நீ படிச்சவன், உனக்குத் தெரியும்" என்றாள். அவள் குரலில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் சித்தப்பா மகன் கல்யாணம், மேலே ஏலத்தோட்டத்தில். ஒரு வாரம் அங்கேதான். சிக்னல் இருக்காது. கவலைப்படாதே, நிரல் பார்த்துக்கொள்ளும்.

பிஜோய்


காக்கநாடு
ஜூலை 9, காலை

பிஜோய்,

நீ இதை எப்போது படிப்பாய் என்று தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தேன், நீ எட்டுகிற இடத்தில் இல்லை. சேச்சிக்கும் அடித்தேன். டப்பாவுக்குள் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டிருக்கும்.

உன் கடிதம் வந்தபோது பாதிதான் படித்தேன். சுதர்மா மேடம் கதை வந்ததும் மூடிவிட்டேன். நீ ஜெயித்த சந்தோஷத்தில் எழுதியிருந்தாய், எனக்குப் பொறுக்கவில்லை. இன்று காலை பேருந்தில் மறுபடி திறந்தேன். ஒத்த வரி. இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சொல்கிறேன். நிதானமாகச் சொல்ல முயல்கிறேன். அந்தப் பக்கத்தில் லிங்குகள் முழு முகவரி இல்லை. கவரில் மூன்றாம் வீடு என்று மட்டும் எழுதியிருக்கிற மாதிரி. எந்தத் தெரு என்பதைப் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு முறை எழுதியிருக்கிறார். அதுதான் அவர் சேர்த்த வரி. போன வருடம் அது இல்லை. உன் நிரல் வீட்டு எண்ணை மட்டும் படிக்கிறது. தெருவைப் படிக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த வருடத்து உத்தரவு ஒன்றைப் பார்க்கிறது, போன வருடத்து உத்தரவு ஒன்று என்று நினைக்கிறது. இதை முன்பே பார்த்தாயிற்று. புதிதாக ஒன்றும் இல்லை.

இரண்டாம் முறை கூவக் கூடாது என்று கேட்டு வாங்கியது நான்.

லைப்ரரியை இன்றையப் பக்கத்தின் மேல் ஓட்டினேன். தெருவை முதலில் படித்துக்கொண்டது, அது ஒரு விஷயமே இல்லை என்பது போல. மூன்று உத்தரவுகள் வந்தன. முதல் இரண்டும் சின்னத் திறப்பு. தேதிகளைப் பார்த்தேன். சேச்சியின் கணுக்கால் நனைந்த இரண்டு நாட்கள்.

மூன்றாவது இன்று. எல்லா ஷட்டரும். உத்தரவின் கணக்குப்படி நண்பகலுக்குத் திட்டை எட்டும். மைக் கட்டின ஜீப் சாலையோடு போய்விடும், ஆற்றுக்கு நடுவில் இருப்பவளுக்குக் கேட்காது. வெளியே பார்க்கிறேன், இங்கே வெயில். அங்கேயும் வெயிலாகத்தான் இருக்கும். அவள் வானத்தைப் பார்ப்பாள். பிறகு டப்பாவைப் பார்ப்பாள்.

விதியை மீறினேன். கையால் கூவ வைத்தேன், கீழ்க்கரை முழுவதற்கும். அனுப்பப்பட்டது என்று வந்தது. யாருக்குக் கேட்டது என்று அது சொல்வதில்லை.

கிளம்புகிறேன்.

ட்ரீசா


ஜூலை 11

ட்ரீசா,

நீ வார்டில் சேச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறாய், நான் வராந்தாவில் இருக்கிறேன். உள்ளே வந்து சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு வெளியே வர வேண்டாம்.

உன் கூவல் மலையில் எனக்கும் கேட்டது. பந்தலுக்குப் பின்னால் ஒரு பாறை மேல் கொஞ்சம் சிக்னல் வரும், சிகரெட் பிடிக்க அங்கே போயிருந்தேன். ஜீப்பில் இறங்கினேன். நான் வந்தபோது அக்கரை வர்கீஸ் சேட்டன் தன் தோணியில் சேச்சியைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையில் கோல், இன்னொரு கையில் ஒரு வாத்து. அதைக் கீழே விடச் சொன்னோம், விடவில்லை. செத்திருந்தது.

கூட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதி தானாகவே நீந்தி, கீழே பாலத்தடியில் ஏறியிருக்கிறது.

உத்தரவில் சொன்ன நேரத்துக்கு முன்பே தண்ணீர் வந்திருக்கிறது; கூவியபோது அவள் ஏற்கனவே இடுப்பளவு தண்ணீரில் நின்றாளாம். ஏன் சேச்சி அதற்கு முன்னால் கிளம்பவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு. வாத்து கத்துது. நான் டப்பாவத் தெறந்து போனப் பாத்தேன். அது சும்மா இருந்துச்சு. நீதானேடா சொன்ன, கூவலேன்னா வராதுன்னு. அதனால நின்னேன்."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

நாற்பத்திரண்டு வரியையும் அழித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது லைப்ரரி, என் பங்கு இரண்டு வரி. பழைய பக்கம், புதுப் பக்கம், திரை, அறுந்த பக்கம், தெரு மாறிய பக்கம், எனக்குத் தோன்றிய எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தேன். எதிலும் தவறவில்லை. அதைத் திறந்து உள்ளேயும் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஓரிடத்தில், தலையில் இருக்கும் அந்த ஒற்றை வரிக்காக மட்டும் ஒரு சோதனை இருக்கிறது. எழுதியவர் பெயரும் இருக்கிறது. எந்த ஊரோ தெரியாது. அவருக்கு என்ன போனது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. வேறு விதமாகச் சொல்ல வழி இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சேச்சி தன் போனிலிருந்து கூவலை எடுத்துவிடச் சொல்லி நர்ஸ் வழியாகப் போனைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நான் எடுக்கவில்லை. இப்போதுதான் அது நம்பத் தகுந்ததாக ஆகியிருக்கிறது. அணை இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது. நீ சொன்னால் கேட்பாள்.

பிஜோய்


சேச்சி வீடு
ஜூலை 16

பிஜோய்,

சொன்னேன். நீ எழுதியதைவிட நன்றாகவே சொன்னேன். எத்தனை பேர் சோதித்தது, எத்தனை வருடமாக ஓடுகிறது, எல்லாம். கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டாள். கட்டன் சாயா ஆறிப்போனது.

"போன வருஷம் பொய்யாக் கூவுச்சு. உன்னையத் திட்டினேன், சரியாப்போச்சு. இப்ப அது ஒண்ணுமே சொல்லல. சும்மா இருந்தத என்னன்னு மோளே திட்டுறது?"

இப்போது அது சும்மா இருந்தால் உண்மையாகவே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் சேச்சி என்றேன்.

"பிஜோயும் அப்படித்தான் சொன்னான்."

ஆறிய சாயாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அணை அலுவலகத்தின் வலைப்பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு லிங்கையும் லைப்ரரி எடுக்கும். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பக்கத்தில் போடாத ஒன்றை அது எடுக்காது. சுதர்மா மேடம் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், அலுவலகத்தில் கரண்ட் போனால், மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று உத்தரவு கேட்காமல் வந்தால், அது சரியாக, பிழையில்லாமல், ஒன்றும் இல்லை என்று சொல்லும். அன்று சேச்சி முழங்கால் தண்ணீரில் நின்று டப்பாவைத் திறப்பாள்.

மற்றவர்களுக்குப் புழவிளி ஓடட்டும். நிறுத்தாதே. நிறுத்தினால் அது வேறு தப்பு. பட்டியலிலிருந்து சேச்சியின் எண்ணை மட்டும் எடுத்துவிட்டேன். என் எண்ணைச் சேர்த்திருக்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை.

லீவு நீட்டியிருக்கிறேன். மீந்த வாத்துகள் மறுபடி திட்டில்தான், வயல் இன்னும் காயவில்லை. இன்று காலை திட்டின் ஓரத்தில் ஒரு கமுகுத் தடி நட்டு, அதில் கையகலச் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினேன், தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவது அதுவாக இருக்கட்டும் என்று. சேச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் கீழ கட்டு" என்று கத்தினாள். அவள் சொன்ன இடத்தில் கட்டினேன்.

இங்கே எழுதும் மேஜையிலிருந்து அந்தத் துணி தெரியும். மேலே எழுதிய பத்திக்கு முன்னால் பார்த்தபோது இருந்தது.

இப்போது தெரியவில்லை.

வெயில் அடிக்கிறது. என் போனைப் பார்த்தேன், கூவவில்லை. பக்கத்தை நானே திறந்து பார்த்தேன். உத்தரவு மூன்றோடு நிற்கிறது. லைப்ரரியை ஓட்டினேன். புதிதாக ஒன்றும் இல்லை. அது சொல்வது சரி.

எழுதியதை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி, தோணியில் திட்டுக்குப் போய், வாத்துகளை மேட்டுக்கு ஓட்டினேன்.